ராத்தா வீட்டு வேலிக் கடப்பு

"படிச்ச பொட்டைக்கு வீடு விக்கிற கதை விளங்குமா?" என்று வாப்பாவின் தம்பி சாச்சா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து ஆசிரியையானவள் நான். விற்றுக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அது என் மூத்த சகோதரி ராத்தாவின் சீதன வீடு. பிள்ளைப்பேற்றில் ராத்தாவும் குழந்தையும் மவுத்தாகி அடக்கப்பட்ட பிறகு, மச்சான் அதை உம்மாவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டார். அதை விற்று எனக்குக் கல்முனையில் ஒரு வீடு எடுப்பதாக ஏற்பாடு.

பார்க்க வந்தவர்கள் கிணறு கலங்கல் என்றார்கள், இறைப்பித்தேன். குசினிச் சுவரெல்லாம் கரி என்றார்கள், சுண்ணாம்பு அடிப்பித்தேன். கடைசியாக நிந்தவூரிலிருந்து வந்த பெண், எங்கள் வீட்டு வளவுக்கும் ராத்தாவின் வளவுக்கும் நடுவே வேலியில் ஆள் நுழைய விட்டிருந்த கடப்பைக் கண்டு முகம் சுளித்தாள்.

"என்னகா இது, பக்கத்து வளவார் நம்மட குசினிக்குள்ள வந்து நிப்பாங்க போல! இத அடைச்சாத்தான் எடுப்பம்."

அன்று பின்னேரமே தென்னோலைக் கிடுகு வைத்துக் கடப்பை அடைத்துக் கட்டினேன்.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு உம்மா ஒரு கோப்பைத் தேநீருடன் வேலியடிக்கு வந்து, கிடுகைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன உம்மா?"

"றோட்டால சுத்திப் போனா தேத்தண்ணி ஆறிடும் மகள். ராத்தாக்கு ஆறினது புடிக்காது."

விடியலில் உம்மா அங்கே போவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். கையில் இருந்தது யாருக்கென்று ஒருநாளும் கேட்டதில்லை.

கிடுகை அவிழ்த்தேன். வீடு விற்பதற்கில்லை என்று நிந்தவூருக்குச் சொல்லி அனுப்பினேன். சாச்சா இன்னும் சிரிக்கிறார்.

நேற்று என் புத்தகப் பெட்டியை ராத்தா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். இன்று விடியற்காலை கடப்பால் வந்த கோப்பையை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கென்று ஊற்றியதல்ல, ஆனாலும் சூடாக இருந்தது.