செங்கல்பட்டில் இறங்காத அம்மா

எங்கள் வீட்டில் ஒருவரை ஊருக்கு அனுப்புவதற்கு ஒரு முறை உண்டு. பேருந்து நிலையம் வரை போய்க் கையசைத்தால் அது அனுப்பியதாகாது. அம்மா பேருந்துக்குள் ஏற வேண்டும். பையை அவளே மேலே வைக்க வேண்டும். போகிறவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண்ணிடம், "நம்ம பொண்ணுதாம்மா, கொஞ்சம் பாத்துக்க" என்று சொன்ன பிறகுதான் இறங்குவாள். பெருங்களத்தூரில் எத்தனையோ நடத்துநர்கள் அவளைத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் அவள் இறங்காமல் எந்தப் பேருந்தும் நகர்ந்ததில்லை.

நாங்கள் திருச்சிக்குப் போனது ரயிலில்.

சனி, ஞாயிறு இரண்டு நாள் பயணம். அலுவலகத் தோழிகளோடு போவதாக ஏற்பாடு. ஒருத்தி கிழக்குத் தாம்பரத்தில் ஆசிரியர் வீட்டுப் பெண், தேவாலயத்தில் பாடுகிறவள். இன்னொருத்தி படப்பையிலிருந்து வருகிறவள், வாய் மூடாதவள். நான்காமவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதால் அவளுடைய இருக்கை காலியாக இருந்தது. டிக்கெட் எடுத்தது, தங்கும் அறையைப் பார்த்து வைத்தது, எந்த நேரம் எங்கே போவது என்று முடிவு செய்தது எல்லாம் நான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான், முதலில் பட்டம் வாங்கியவள் நான், முதலில் தோழிகளோடு ஊர் சுற்றக் கிளம்பியவளும் நான்தான். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிய அனுமதி அது. அந்த இரண்டு நாள் எனக்கே எனக்கானதாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரான தாம்பரத்தில் ரயில் கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். தலையாட்டினாள். ரயில் வந்ததும் என் பையைப் பிடுங்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறிவிட்டாள். பையை மேலே வைத்தாள். ஜன்னலோரத்து இருக்கையைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். எதிரே இருந்த அம்மாளிடம் நம்ம பொண்ணு என்று தொடங்கி, மூன்று பேரையும் ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது, வெளியே நடைமேடைக் கடை பின்னால் போக ஆரம்பித்தது.

"இன்னாடி இது, தானா நவுருது?" என்றாள்.

திட்டுவதற்கு ஒரு நடத்துநர் இல்லாத வண்டியில் அவள் வழியனுப்ப ஏறியது அதுதான் முதல் தடவை. கதவுப் பக்கம் ஓடப்போனவளைப் படப்பைக்காரி இடுப்போடு பிடித்து நிறுத்தினாள். பெருங்களத்தூர் போனது. வண்டலூர் போனது. மின்சார ரயிலில் ஒவ்வொன்றாக நின்று போகும் அந்த நிலையங்களை இந்த வண்டி மதிக்கவே இல்லை. அடுத்து செங்கல்பட்டில்தான் நிற்கும், அங்கே இறங்கி மின்சார ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். சரி என்று காலி இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள். கையில் நடைமேடை டிக்கெட்டும் ஒரு சின்ன பர்ஸும் இருந்தன. சேலையூரில் இரண்டு வீடுகளுக்குச் சமைக்கிறவள் அவள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு வீட்டில் சப்பாத்தி போட வேண்டும் என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். எனக்கும் செங்கல்பட்டு சீக்கிரம் வந்தால் தேவலை என்றிருந்தது. அவளையும் ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியதில் என் பயணம் இன்னும் தொடங்காதது போலவே தோன்றியது.

செங்கல்பட்டுக்கு முன்னால் ஏரி வரும். தண்டவாளத்தை ஒட்டியே தண்ணீர். அன்று ஏரி நிறைந்திருந்தது. அம்மா பேச்சை நிறுத்தினாள். நுனியில் இருந்தவள் மெல்லப் பின்னால் நகர்ந்து, முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

வண்டி செங்கல்பட்டில் நின்றது. வடை விற்கிறவர் ஏறினார். சிலர் இறங்கினார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. இந்தப் பக்கம் நடைமேடை, அந்தப் பக்கம் ஏரி. அவள் ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டாமல், கழுத்தைத் திருப்பாமல், திரும்பினால் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள் என்பது போல.

தோழிகள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அம்மா, செங்கல்பட்டு" என்று நான் சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தைதான். சொல்லியிருந்தால் உடனே எழுந்து இறங்கியிருப்பாள், என்மேல் ஒரு குறையும் வைத்திருக்க மாட்டாள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அல்லாமல் அம்மா ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. அந்த வீடுகளிலும் அவள் இருந்தது அடுப்படியில்தான்.

நான் வடை வாங்கினேன்.

வண்டி நன்றாக வேகம் எடுத்த பிறகு அம்மா திரும்பினாள். "அடக் கடவுளே, செங்கல்பட்டு பூடுச்சா?" என்றாள்.

"இப்பதான் ஆன்ட்டி. நாங்களும் கவனிக்கல" என்றாள் படப்பைக்காரி, முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு. மற்றவள் சிரிப்பை மறைக்க வடைக் காகிதத்தால் வாயைத் துடைத்தாள்.

டிக்கெட் பரிசோதகர் வந்தபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். நடைமேடை டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அபராதத்தோடு திருச்சி வரைக்கும் எழுதிக் கொடுத்தார். அப்பாவுக்கு நான்தான் கூப்பிட்டேன். கொத்து வேலையில் இருந்தார், பின்னால் கலவை இயந்திரம் சுற்றும் சத்தம். நான் சொல்லி முடித்ததும், வீட்டுச் சாவி எங்கே என்று மட்டும் கேட்டார். மீட்டர் பெட்டிமேல் என்று அம்மா பக்கத்திலிருந்து சொன்னாள். சரி, பத்திரம் என்று வைத்துவிட்டார்.

ஆறு மணி ஆகிவிட்டது, சப்பாத்தி போட வேண்டிய சேலையூர் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. தனக்கு ஜுரம் என்று என்னைச் சொல்லச் சொன்னாள் அம்மா. எண்ணை அழுத்திவிட்டு, நீயே சொல்லு என்று கைபேசியை அவள் காதில் வைத்தேன். அந்த வீட்டு அம்மா பேசுவது எங்களுக்கும் கேட்டது. என்ன, இன்னும் வரவில்லையா என்று கேட்டார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். தோழிகளைப் பார்த்தாள்.

"இல்லம்மா. நான் இன்னிக்கும் நாளைக்கும் வரமாட்டேன். டூர் வந்துகீறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பிரண்ட்ஸுங்களோட."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் காது சிவந்திருந்தது. சேலையூர் அம்மா என்ன பதில் சொன்னார்கள் என்று யாருமே கவனிக்கவில்லை. படப்பைக்காரி கைதட்டிவிட்டாள்.

திருச்சியில் அன்று ராத்திரி ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். சாம்பாரை அம்மா ஒரு விரலால் தொட்டு, பருப்பு குழையவில்லை என்று தீர்ப்புச் சொன்னாள். ஆனால் எதையும் மிச்சம் வைக்கவில்லை. முடித்ததும் எங்கள் நால்வர் தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். பரிமாறுகிறவர் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். வெறும் கையோடு நின்றவளை ஆசிரியர் வீட்டுத் தோழி கைகழுவுமிடத்துக்குக் கூட்டிப்போனாள்.

மறுநாள் காலையில்தான் சிக்கல். கட்டி வந்த ஒற்றைப் புடவையை அம்மா ராத்திரியே துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அறைக்குள் காற்றில்லை, புடவை காயவில்லை. தோழியின் நைட்டியில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் போய் வாருங்கள் என்றாள். மலைக்கோட்டையை நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன், இது உன்னுடைய டூர், உன் பிரண்டுங்களோடு போ என்று சொன்னாள். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. அதனால்தான் நாங்களும் கிளம்பிப் படியிறங்கினோம். நான் போட்ட திட்டப்படியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

வாசல்வரை வந்தேன். இங்கேயே நில்லுங்கள் என்று தோழிகளிடம் சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறினேன்.

கதவைத் திறந்தவளிடம் என்னுடைய சுடிதார் ஒன்றை எடுத்து நீட்டினேன். பச்சை நிறம், தொளதொளவென்று இருக்கும். அம்மா சிரித்தாள். பிறகு நான் நிஜமாகத்தான் சொல்கிறேன் என்று தெரிந்ததும் சிரிப்பதை நிறுத்தினாள். இந்த வயசில் இதெல்லாம் வேண்டாம் என்றாள். அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. எங்கள் அலுவலகத்தில் அந்த வயதில் தினமும் சுடிதாரில் வருகிறவர்கள் பாதிப் பேர்.

"யாரு பாக்கப் போறா? இது திருச்சிமா. இங்க ஒன்ன யாருக்குத் தெரியும்?" என்றேன்.

அதை அவள் யோசித்தாள். சுடிதாரை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

துப்பட்டாவை மடித்து இரண்டு தோளிலும் ஊக்கு குத்திவிட்டேன். தெருவில் இறங்கியதும் இழுத்துச் செருக முந்தானை இல்லாமல் அவள் கை இடுப்பைத் தேடித் தேடித் திரும்பியது. கடைசியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "போலாமா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டாள் படப்பைக்காரி.

மலைக்கோட்டைப் படிகள் செங்குத்தானவை. பாதியில் எங்களுக்கு மூச்சு வாங்கியது. தினமும் நின்றே வேலை செய்யும் கால்கள் அம்மாவுடையவை. என் மணிக்கட்டை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை, திரும்பிப் பார்த்தால் எங்களுக்கு மேலே நின்றுகொண்டிருந்தாள். "இந்த சுடிதார்ல ஏறுறதுக்கு சுளுவா கீதுடி. கால் தடுக்கவே இல்ல" என்று மேலிருந்து சொன்னாள். அப்புறம் எங்களுக்காகக் காத்திருக்காமல் போய்விட்டாள். பச்சைத் துப்பட்டாவை மட்டும் பார்த்துக்கொண்டே பின்னால் ஏறினோம்.

உச்சியில் நல்ல காற்று. பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். கீழே ஊர், அதற்கு அப்பால் காவிரி, அதற்கும் அப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம். அம்மா கைப்பிடிச் சுவரோரம் நின்று ஒவ்வொரு திசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்:

"தாம்பரம் எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வடகிழக்கே கை காட்டினேன். வீடுகளும் வெயிலும் தவிர அங்கே ஒன்றும் தெரியவில்லை. அம்மா அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்பா சாப்பிட்டிருப்பாரா என்று கேட்கப்போகிறாள், சேலையூரில் இன்று என்ன சமையல் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்து, பேசட்டும் என்று கைபேசியை நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. சுவரின் எதிர்ப்பக்கம் நடந்துபோய், என் தோழிகள் இருவரையும் கொஞ்சம் நகரச் சொல்லி, அவர்களுக்கு நடுவில் இடம்பிடித்து ஆற்றைப் பார்த்து நின்றாள். துப்பட்டா காற்றில் எழும்பி முகத்தில் அடித்தது. அதை அடக்கிப் பிடிக்கக்கூட அவள் முயலவில்லை.

"வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். "இந்தப் பக்கந்தான் காத்து நல்லா வருது."