நாலாவது நம்பர்

எங்கள் பள்ளியில் எல்கேஜிக்கும் யுகேஜிக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தட்டிதான். அந்தப் பக்கம் ஜின்சி மிஸ், இந்தப் பக்கம் நான். பன்னிரண்டு வருடமாக அவள் குரலைக் கேட்டுக் கேட்டு, என் பிள்ளைகள் படிப்பதைவிட அவள் பிள்ளைகள் படிப்பதுதான் எனக்கு மனப்பாடம்.

இனயம் ஊர்க்காரி. பிடித்தால் பிடித்த பிடிதான். காலையில் ஜெபம், குட்மார்னிங், அட்டெண்டன்ஸ் எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து கைகட்டி நின்று தன் பெயர், அப்பா பெயர், அப்பாவின் போன் நம்பர் சொல்ல வேண்டும். பிள்ளை தொலைந்துபோனால் உதவுமாம். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எங்கள் ஊர் அப்பாக்களில் பாதிப் பேர் ஆழ்கடலில், மீதிப் பேர் கல்ஃபில். யார் வந்து போனை எடுப்பது? ஒருநாள் இதைக் கேட்டே விட்டேன். சேர்க்கைப் படிவத்தில் அப்பா நம்பர்தானே கேட்டிருக்கிறது என்றாள். படிவத்தில் இருந்தால் அவளுக்கு வேதவாக்கு.

ஃபாஸிலா மட்டும் உம்மாவின் நம்பரைச் சொல்லும். மாற்றச் சொல்லி டைரியில் மூன்று தடவை சிவப்பு மையில் எழுதி அனுப்பினாள் ஜின்சி. கடைசியில் அந்த உம்மா, மைமூன் பீவி, நேரிலேயே வந்துவிட்டாள்.

"பிள்ளைக்க வாப்பா சவுதியில, தம்மாமுல டீச்சர். கரையில நிக்கது நாந்தானே?"

ஜின்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃபாஸிலா அதன் பிறகும் உம்மா நம்பரைத்தான் சொன்னது.

சுபின் இன்னொரு தலைவலி. தன் நம்பரைச் சொல்லி முடித்தாலும் நிறுத்த மாட்டான். அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும் அபினா, ஷஹீர், ஃபாஸிலா நம்பர்களையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பான். உடனே மேஜையில் ஸ்கேல் விழும் சத்தம் எனக்குக் கேட்கும். உன் நம்பர் மட்டும் போதும் என்பாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சுபினின் அம்மா டெல்பின் அவனோடு குளச்சல் பஸ் ஸ்டாண்டில் நின்றாள். பழம் வாங்கத் திரும்பிய நேரத்தில் பயல் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டான். கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. திருவட்டாறில் பஸ் காலியானபோதுதான் கண்டக்டர் முருகதாஸ் அவனைப் பார்த்தார். எந்த ஊர் என்று கேட்டதற்கு, கடப்புறம் என்றான். கடலோரத்தில் உள்ள அத்தனை ஊருக்கும் அதுதான் பெயர். அவர் எங்கே என்று போய்த் தேடுவார்?

போன் நம்பர் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். உடனே சுபின் சீட்டிலிருந்து இறங்கி, கைகட்டி நின்று, தன் பெயரில் ஆரம்பித்துவிட்டான். அப்பா ஜான்ரோஸ் கடலில், போன் கிடைக்கவில்லை. அபினாவின் அப்பாவும் அதே போட்டில்தான். ஷஹீரின் வாப்பா குவைத்தில். அவரது இந்திய நம்பர் ஸ்விட்ச் ஆஃப். பயல் நிறுத்தவில்லை. முருகதாஸும் விடவில்லை. நாலாவது நம்பரில் மைமூன் பீவி எடுத்தாள்.

அதுவரை டெல்பின் குளச்சலில் போனைக் கையில் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். ஃபுல் சார்ஜ். அந்த நம்பர் அவள் பிள்ளைக்குத்தான் தெரியாது. மகளின் வகுப்புப் பயல் என்று புரிந்து மைமூன் பீவி கூப்பிட்டுச் சொன்ன பிறகு ஆட்டோ பிடித்துப் போய்ப் பிள்ளையை வாங்கி வந்தாள்.

சாயங்காலம் ஜின்சி என் வீட்டுக்கு வந்தாள். வைத்த சாயாவைத் தொடவில்லை.

"டெல்பின் தொலைக்கல்ல ஏட்டி. நான்தான் தொலைச்சேன்," என்று அழுதாள்.

நன்றாக நாலு கேட்க வேண்டும் என்றிருந்தேன். அழுகிறவளிடம் என்ன கேட்பது? பாவமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கேட்டிலேயே நின்று மைமூன் பீவியிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு வந்த அம்மாக்களிடமெல்லாம் நம்பர் வாங்கி, படிவத்தில் அப்பா நம்பருக்கு மேலே அதே சிவப்பு மையில் எழுதினாள். ஒரு வாரத்தில் பிள்ளைகள் எல்லாம் அம்மா நம்பருக்கு மாறிவிட்டார்கள்.

சுபின் முறை வந்தது. டெல்பினின் நம்பரைத் தப்பில்லாமல் சொன்னான். ஸ்கேலுக்குப் பயந்து அதோடு நிறுத்திவிட்டான்.

"பக்கத்துல உள்ள பிள்ளையளுக்க நம்பரையும் சொல்லு மக்கா," என்றாள் ஜின்சி.