மாமா போகாத ஊர்

ஹாங்காங்கில் பைகளுக்கான பக்கிள், ஜிப் எல்லாம் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போன என் மாமா, மழைக்காலம் முடிந்து, வாப்பா அவரைத் திட்டுவதையே விட்டுவிட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார். மாமா என் உம்மாவின் தம்பி. தாராவியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த தோல் பைப் பட்டறையில் வாப்பாவுக்கு வலது கை அவர்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் சந்தில் துபாய் போனவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். சீனர்கள் இருக்கும் திசைக்குப் போனவர் மாமா மட்டும்தான்.

போனவர் வேறு, வந்தவர் வேறு என்று உம்மா சொன்னாள். மாமாவால் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்தி வாசலில் நின்றே சாப்பிட்டார். வெறும் வெந்நீரை, தேயிலையோ சர்க்கரையோ இல்லாமல், ஊதி ஊதிக் குடித்தார். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். நான் வகுப்பில் பென்சிலை இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்ட, ஏதோ குறும்பு செய்கிறேன் என்று நினைத்து அவர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். நாலு என்ற எண்ணை அங்கே வாயால் சொல்லவே தயங்குவார்கள், அது சாவு என்பது போல ஒலிக்கும், சில கட்டடங்களில் நாலாவது மாடியே கிடையாது என்றார். நமக்கு ரெண்டாவது மாடியே கிடையாதே என்றார் வாப்பா.

ஆனாலும் சாயங்காலமானால் சந்தில் பாதிப் பேர் எங்கள் வாசலில்தான். மாமா நடந்துகொண்டே கதை சொல்வார்.

"தைவான்ல ஒரு சந்து. நம்ம சந்தேதான் மச்சான். வீட்டுக்கு வீடு மெஷின் ஓடுது. மாமியார் தைக்கா, மருமவ பசை தடவுதா. ஆனா ஒருத்தன் வாயிலயும் 'நாளைக்குப் பாப்போம்'ங்கற பேச்சு கிடையாது. அத நெனச்சா எனக்கு இங்கன இருக்க முடியல."

"இருக்க முடியலன்னா பட்டறைக்கு எறங்குல. தைக்க வேண்டியது மலையாக் கிடக்கு" என்பார் வாப்பா.

சீனாவுக்குள் கான்டன் நகரத்தில் வழி தவறி ஒரு பழைய பள்ளிவாசலுக்குள் நுழைந்ததையும், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு சீனக் கிழவர் அவருக்கு சலாம் சொன்னதையும் மாமா பலமுறை சொன்னார். மாமாவுக்கு அப்போது சீன மொழி வராது; வேறு ஒரு வார்த்தைகூட இருவருக்கும் பொதுவாக இல்லை. அந்த ஒரு சலாமை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு, இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்களாம். இந்த இடம் வரும்போது மட்டும் மாமாவின் கால் நிற்கும்.

அதற்கு மேலே என்ன பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கிவிடும். "மேல போகல. வடக்க போற ரயிலுக்கு நிக்கும்போது காய்ச்சல் வந்துட்டு. திரும்பிட்டேன்."

பகலில் அவர் காணாமல் போவார். கேட்டால், சும்மா கல்யாண் வரை ரயிலில் போய் வந்தேன் என்பார். உல்லாஸ்நகர் என்பார். இவன் மறுபடியும் கிளம்பிவிடுவான் என்ற பயத்தில் உம்மா சொந்த ஊர்ப் பக்கம் கடையநல்லூரில் அவருக்குப் பெண் பார்க்கச் சொல்லி அனுப்பினாள்.

அந்த நேரத்தில்தான் எனக்குப் பல்வலி வந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் மாமா செருப்பை மாட்டிவிட்டார். மாட்டுங்கா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சீனப் பல் டாக்டர் இருந்தார். மாமாவுக்குத் தன் சீன மொழியைப் பேசிப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது, அதற்கு என் பல் தோதாக அமைந்தது. அவர் நடைக்கு நான் வழியெல்லாம் ஓடினேன்.

மாடிப்படி ஏறியதுமே, வாசலில் நின்று, மாமா ஒரு நீண்ட வாக்கியத்தைப் பாடுவது போலச் சொன்னார். டாக்டர் வழுக்கைத் தலையுடன் ஒல்லியாக இருந்தார். மாமாவை நிதானமாகப் பார்த்துவிட்டு, "க்யா போலா, பாய்?", என்ன சொன்னீர்கள் என்று அசல் பம்பாய் இந்தியில் கேட்டார். அது கான்டன்காரர்கள் பாஷை, நான் வடக்கே வூஹான் பக்கம், எனக்கு அதுவும் மதராசியும் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

என்னை நாற்காலியில் சாய்த்து, பல்லில் மருந்து வைத்து, வாய் நிறையப் பஞ்சைத் திணித்து, கடித்துக்கொள், பேசாதே என்றார். கையைக் கழுவிக்கொண்டே மாமாவிடம் பேசினார். எட்டு வயதில் அப்பாவோடு கப்பலில் வந்தவர். அம்மாவும் அண்ணனும் அங்கேயே நின்றுவிட்டார்கள். பிறகு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் சண்டை வந்தது. இப்போது பூனா போவதென்றால்கூட போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மழை வருகிறது என்று சொல்வதைப் போல அதைச் சொன்னார். பிறகு துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தபடி கேட்டார்: "வூஹான் போனீர்களா, பாய்?"

அறைக்குள் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்த மாமா நின்றார்.

"போனேன்" என்றார்.

நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹாங்காங்கிலிருந்து வந்த பிறகு அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன் இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஆறு பெரியது. தண்ணீர் வரைக்கும் கல் படிக்கட்டு. படியோரம் ஒரு கல் மண்டபம். பெண்கள் துணி துவைக்கிறார்கள். தென்னை மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கின்றன, பையன்கள் அதில் ஏறிக் குதிக்கிறார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் படிக்கட்டில் வழுக்கி விழுந்த தழும்பு என் முழங்காலில் இருந்தது. மாமா சொன்னது, கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் நாங்கள் குளிக்கும் தாமிரபரணி. பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "முஹ் பந்த்" என்று டாக்டர் என் தாடையை மூடினார்.

"நாரியல்?", தென்னையா என்று மாமாவிடம் கேட்டார்.

"ஆமாம், நிறைய."

டாக்டர் ஜன்னலுக்குப் போய், கீழே ஒரு ரயில் வந்து நின்று புறப்பட்டுப் போவதைப் பார்த்தார். பிறகு, "ஹாங்... நாரியல்" என்று தலையாட்டி, இன்னொரு ஸ்டூலை மாமாவின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். "அப்புறம்?"

திரும்பும்போது கேட்டேன்: "மாமா, அது நம்ம ஆறுல்லா? ஏன் பொய் சொன்னீங்க?"

"பல்லு வலிக்கா?"

"இல்ல."

"அப்ப நட."

என் பல் சரியான பிறகும் மாமா மாட்டுங்காவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று உம்மா தானாக முடிவு செய்து அழுதாள். கடையநல்லூர்ப் பெண்ணைப் பேசி முடிப்பதற்குள் மாமா மறுபடி ஹாங்காங் போய்விட்டார். இந்தத் தடவை அங்கேயே வேலை தேடிக்கொண்டார். வாப்பா அவர் பெயரைச் சொல்லாமல் சில வருடம் இருந்தார். நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெருநாளுக்கு வந்தார். வடக்கே அந்த ஊர் வரைக்கும் ஒரு குளிர்காலத்தில் போய் வந்ததாகச் சொன்னார். "பனி கொட்டுது புள்ள. ஆத்தங்கரை முழுக்க நடந்து பாத்தேன். ஒரு தென்ன மரம் கிடையாது."

அன்று அந்த நாற்காலியில் பஞ்சைக் கடித்துக்கொண்டு நான் டாக்டருக்காகத்தான் பரிதாபப்பட்டேன், இவ்வளவு படித்தவர் இப்படி ஏமாறுகிறாரே என்று. எட்டு வயது வரை அந்த ஆற்றங்கரையில் ஓடி விளையாடிய ஒருவருக்கு அங்கே என்ன மரம் நிற்கும், என்ன மரம் நிற்காது என்று தெரியாமலா இருக்கும்? தெரிந்துகொண்டேதான் அப்புறம், அப்புறம் என்று கேட்டார் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.