ரேணுகாம்பாளின் அபிப்பிராயம்

பிள்ளையார்பாளையத்தில் அமாவாசையன்று தறி ஓடாது. அது தெரிந்துதான் சனாவுல்லா பாய் அன்றைக்கு மட்டும் வாடகை நாவல்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். முதலில் நிற்பது ரேணுகாம்பாள் வீட்டு வாசலில். அவள் "நல்லாருக்குது" என்றால் புத்தகம் தெரு முழுக்கச் சுற்றும். உதட்டைப் பிதுக்கினால் பைக்கு அடியில் போய்விடும். திருப்புட்குழியில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கல்யாணமாகி வந்து புருஷனின் தறியோரம் உட்கார்ந்து, சேலைக் கரைக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையை வீசியே பாதி ஆயுளைக் கழித்தவள். அவளுக்கு ஊரில் கிடைத்த ஒரே பதவி இதுதான். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அறுபத்தொன்பதாம் வருஷம் ஆவணி அமாவாசைக்குப் பாய் கொடுத்த நாவல் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு பங்களா, ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. சாவிக்கொத்து காணாமல் போகும். "நீதானே எடுத்து வைத்தாய்" என்பான். அணைத்த அடுப்பு எரியும், "மறந்துவிட்டாய்" என்பான். எல்லாம் அவனே செய்வது. அவளோ தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதென்று நம்பத் தொடங்குகிறாள். ரேணுகாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. புத்தகத்தை அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள், மறுபடி எடுத்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது. எழுந்தால் எதற்கு எழுந்தோமென்று தெரியவில்லை.

காரணம் இருந்தது. சித்திரையிலிருந்தே அவள் புருஷன் தர்மன், நெய்த சேலையை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு வரும்போதெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

"கரை பிசகுதாம். உன் கவனம் எங்கமே இருக்குது?"

சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆண்பிள்ளைகள் வேலை. முதலாளி விரித்துக் காட்டும் குறையை அவள் கண்ணால் கண்டதில்லை. புருஷன் சொன்னதை நம்பினாள். நம்ப நம்ப, ஒவ்வொரு தடவை நாடா வீசியதும் கரையைக் குனிந்து குனிந்து பார்க்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு ஜெயம்மாளிடம் அவன், "அவளுக்குப் புத்தி நெலையா இல்லக்கா" என்று சொல்லியும் வைத்திருந்தான். அடுத்த அமாவாசை கழிந்ததும் அவளைத் திருமுக்கூடலில் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, தன் தங்கை மகளைத் தறியில் உட்கார வைப்பதாகப் பேச்சு. தெருப் பெண்கள் அவளிடம் சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நிஜமாகவே நமக்குப் பைத்தியம்தானோ என்று பயந்துகொண்டே நாவலின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தாள்.

அந்த வாரம் ஒரு சேலை தறியிலிருந்து இறங்கியது. தர்மன் குளிக்கப் போன சமயம், மடித்து வைத்ததை எடுத்து வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். கரையை விரலால் தடவிக்கொண்டே போனாள். எங்கேயும் பிசகில்லை. பிசகு இரண்டு கரைக்கும் நடுவே, சேலையின் உடலில் இருந்தது. நீளவாட்டில் ஓடும் பாவு இழை அறுந்தது தெரியாமலே நெய்துகொண்டு போனதில் நீளநீளமாய்க் கோடு விழுந்திருந்தது. அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிபோடுவது தர்மனின் வேலை. கொஞ்ச நாளாகவே அவன் சோற்றில் கல்லைப் பார்க்காமல் கடித்துத் துப்புவது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முதலாளி வீட்டிலிருந்து திரும்பியவன், "இப்பவும் கரைதானாம்" என்றான். அவள் தட்டை வைத்துச் சோற்றைப் போட்டாள். பைத்தியம் இல்லை என்ற நிம்மதியைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது.

அமாவாசைக்குப் பாய் வந்தார். தர்மன் உள்ளே தறியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எப்டிக்கா இருந்துச்சு? விறுவிறுப்புன்றாங்களே?"

"விறுவிறுப்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல பாய். ஆனா எழுதினவருக்குப் புருஷன் மனசு தெரியல. சொத்துக்காக அவள பைத்தியமாக்குறான்னு எழுதிக்கிறாரு. சொத்தே இல்லாத வூட்லயும் அது நடக்கும். அவனுக்குக் கண்ணு மங்கிக்கினு வரும். வெளிய சொல்ல வெக்கம். வேலையில வர்ற பிசகையெல்லாம் பொண்டாட்டி தலையில கட்டிடுவான்."

பாய் குழம்பினார். "அப்படி இதுல வரலியேக்கா?"

"அதான் சொல்றேன். வரல."

உள்ளே துடைக்கிற சத்தம் நின்றிருந்தது. பாய் புத்தகத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தர்மன் மெதுவாக வெளியே வந்தான்.

"கடைசில அந்தப் பொண்ணு இன்னா ஆனா?"

"வூட்ட வுட்டுப் போயிட்டா. நான் போவ மாட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா முதலாளி நெய்யறதுக்குப் பாவு குடுக்க மாட்டாருன்னு பயந்துட்டேன்மே. கண்ணாடி போட்டுக்கறேன்."

"போட்டுக்கோங்க. அதுக்கு முன்ன ஜெயம்மாக்கா வூட்டுக்குப் போயி, எம் புத்தியப் பத்திச் சொன்னத மாத்திச் சொல்லிட்டு வாங்க."

தர்மன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். பக்கத்து வாசலில் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். "இன்னாபா சொல்ற?" என்று ஜெயம்மாள் காதைக் கொடுத்தாள்.

"எனக்கே கேக்கல," என்றாள் ரேணுகாம்பாள், தன் வாசலில் நின்றபடி. "தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லுங்க."