ஐஸ்தான் காரணம் என்று நினைத்தேன்

பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுப்பது என் வேலை. நாள் முழுக்க அந்த வாடையிலேயே கிடப்பதால் மீன், முட்டை, பால் எல்லாம் வெறுத்துப்போய், பல வருடமாக ரசம் சோறுதான்.

விரல்கள் மரத்துப்போயின. ஐஸ் மீனைத் தொடுவதால்தான் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் வஞ்சிரம் வாங்க வந்த பெண் கத்தினாள்.

"யக்கா, கையப் பாரு, ரத்தம்!"

"மீன் ரத்தம்மா" என்றேன். கழுவிப் பார்த்தால் என் விரல்தான் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. வலியே இல்லை.

தையல் போட்ட டாக்டர் ரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். பி12 வைட்டமின் மிகக் குறைவாம், அதனால்தான் விரல் மரத்துப்போனதாம். மீன், முட்டை, பாலில் இருப்பதாம்.

"இன்னும் விட்டிருந்தா கை வேலைக்கே ஒதவாமப் போயிருக்கும்மா" என்றார்.

பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். "ஊருக்கே மீன் வெட்டுற, ஒனக்கு அந்த சத்து இல்லையாடி?"

ஊசி போட்டுக்கொள்கிறேன். தினமும் முட்டையோ மீனோ பிடிக்காமலே விழுங்குகிறேன். போன வாரம் முள் குத்தியது, வலித்தது. அது போதும்.