இட்லியைத் தொட்டுக்கொண்டு கடலைச் சட்னி

எடை குறைப்புச் சாப்பாடு விற்பவனுக்குச் சோறு பகையில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் பகை. கொடைக்கானலில் சின்னச் சமையற்கூடம் வைத்து, உடம்பைக் குறைக்க நினைப்பவர்களுக்கு டப்பாவில் சாப்பாடு கட்டி அனுப்புகிறேன். பெல்ட்டின் கடைசி ஓட்டையையும் தாண்டிவிட்ட சக துன்பவாசிகளே, கீழே வருவது உங்கள் கதையும்தான்.

கணக்கில் வராதது

பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையில் பூண்டும் கேரட்டும் பயிர் போடுகிற முத்துப்பாண்டிக்குக் குடலிறக்கம். எடையைக் குறைத்தால்தான் ஆபரேஷன், அதுவரை மூட்டை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் பூண்டை மச்சினன் தூக்கி வண்டியில் ஏற்றுவதையும், ஏற்றிவிட்டுத் தன்னைப் பார்த்துச் சிரிப்பதையும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர், பொறுக்க முடியாமல் ஒரு நாள் என்னிடம் வந்தார். அடுத்த அறுவடைக்குத் தானே மூட்டை தூக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றேன். இரண்டே இட்லி என்றார். உடன் வந்திருந்த அவர் மனைவி கூரையைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பொருள் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது: இட்லி இரண்டுதான், அவை மிதக்கிற கடலைச் சட்னி ஒரு கும்பா. முத்துப்பாண்டிக்கு உண்மையிலேயே கோபம். "தொட்டுக்கிறதெல்லாம் சாப்பாட்டுல சேருமாங்க? அப்ப தண்ணி குடிக்கிறதையும் எண்ணுவீங்க போல!"

சின்னக் கரண்டி

வேர்க்கடலைக்கு நான் எதிரி அல்ல. அது வேரில் காய்ப்பதுமில்லை, கொட்டை இனமுமில்லை. பூ வாடியபின் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கிற, அவரைக்குப் பங்காளியான பயறு. இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டுத்தான் டப்பா கொடுப்பேன். இதுவரை யாரும் கேட்டதில்லை. புரதம் உண்டு, பசி தாங்கும். எண்ணெயும் ஏராளம், ஆகவே அளவு வேண்டும். சட்னியை நிறுத்தினால் ஆளே நின்றுவிடுவார் என்பதால், அளவுக் கரண்டி ஒன்று வாங்கி, எங்கள் சமையலைப் பார்த்துக்கொள்ளும் செல்வி அக்காவிடம் நீட்டினேன். டப்பாவுக்கு இதில் இரண்டு, அதற்கு மேல் கூடாது என்றேன். அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சார், இது பிள்ளைக்குக் காதுல எண்ணெய் விடுற கரண்டி. வெரசா கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க, தேடப் போறாங்க."

பஸ்ஸில் வந்த செய்தி

பூம்பாறை டப்பா காலை பஸ்ஸில் கண்டக்டர் பொறுப்பில் போகும். செல்வி அக்கா எனக்கும் பணிந்து, தன் மனச்சாட்சிக்கும் பணிந்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: கடலை என் கரண்டி அளவு, தண்ணீர் தன் கரண்டி அளவு. கிண்ணம் என்னவோ நிறைந்துதான் போனது. மத்தியானம் பஸ் திரும்பி வந்து நின்றதும், கண்டக்டர் காலி டப்பாவை ஆட்டிக்கொண்டே படியிலிருந்து கத்தினார். பஸ் முழுக்க ஆட்கள். "அண்ணே, பூம்பாறைக்காரரு சட்னியில மூஞ்சி கழுவிட்டாராம். நாளைக்குச் சோப்பும் சேத்து வைக்கச் சொன்னாரு!"

தலைகீழ்ச் சாப்பாடு

சட்னியை ஓரத்தில் வைத்து எண்ணாமல் விடுவதுதானே வம்பு? நடுவில் வைத்து எண்ணிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கடலையை வறுத்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் புளியும் தூக்கலாக வைத்து, கெட்டியாக அரைத்த சட்னி, அளந்து, நடுக் கிண்ணத்தில். சுற்றிலும் ஆவியில் வெந்த கேரட், பீன்ஸ், சௌசௌ. தொட்டுக்கொள்ள ஓரத்தில் ஒரே ஒரு இட்லி. கெட்டிச் சட்னி என்றதும் செல்வி அக்காவுக்கும் எனக்கும் சமாதானம் ஆகிவிட்டது.

டப்பா தினமும் துடைத்தாற்போல் காலியாக வந்தது. பிறகு ஒரு நாள் முத்துப்பாண்டியே வந்தார். கேரட் எங்கே வாங்குகிறேன் என்று கேட்டார். சந்தையில், அவர் மச்சினன் இறக்கிய மூட்டையிலிருந்துதான் என்றேன். அந்த மூட்டையை நான் தேடிப் பிடித்து வாங்கியதைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் விற்பதற்கென்றே கேரட் போட்ட மனிதர். அவர் வீட்டில் அது மாட்டுக்கும் விருந்தாளிக்கும்தான். காலி டப்பாவை என் முன்னால் டொக்கென்று வைத்தார். "என் கேரட்ட எனக்கே திங்கக் கொடுத்து, அதுக்கு வைத்தியம்னு பேரும் வச்சிட்டீங்களே சார்!"

பூண்டுத் தராசு

ஆஸ்பத்திரித் தராசை முத்துப்பாண்டி நம்பவில்லை. பூண்டு மூட்டை நிறுக்கிற தராசில் ஏறி நின்று, மச்சினனையே எடையை வாசிக்கச் சொன்னார். மச்சினன் குனிந்து பார்த்தார், தராசைத் தட்டினார், இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். இரண்டு முறையும் டாக்டர் கேட்டதற்குக் கீழேதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொன்ன ஓய்வும் முடிந்து, டாக்டர் சரி என்ற பிறகு வந்த அறுவடைக்கு நானும் போயிருந்தேன். கையிலிருந்த டப்பாவை மச்சினனிடம் கொடுத்துவிட்டு, முத்துப்பாண்டி முதல் மூட்டையைத் தோளில் ஏற்றி, வண்டிவரை நடந்து, இறக்கிவிட்டுத் திரும்பினார். இப்போது வரப்பில் உட்கார்ந்திருந்தது மச்சினன். டப்பா மடியில், விரல் சட்னியில். முத்துப்பாண்டி அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏலே, பிடிச்சிக்கன்னுதான் கொடுத்தேன்! அந்தச் சட்னி கணக்குல உள்ளது, கீழ வை!"

ஆக, இந்தத் தொழிலில் என் துணிபு இதுதான்: உடம்பைக் குறைக்கக் கடலையோடு சண்டை போட வேண்டியதில்லை, இலையின் நடுவில் மரியாதையாக உட்கார வைத்தால் அதுவே அளவோடு நடந்துகொள்ளும், பக்கத்தில் மச்சினன் இல்லாதவரை.