மெழுகில் நகர்ந்த கோரைப்பல்

பல் வைத்தியத்தில் வலி உங்களுக்கு, பெயர் டாக்டருக்கு. பின்னறையில் பிளாஸ்டர் குழைக்கிறவனுக்கு மிஞ்சுவது வெள்ளைத் தூசி மட்டும். இதைப் படிக்கும்போதே நாக்கால் ஒரு பல்லைத் தடவிப் பார்த்துக்கொள்கிறீர்களே, சக நோயாளிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

சொன்ன பேச்சு கேட்கும் பல்

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பெங்களூருக்கு வந்த நாகரிகம் அது. கம்பி கட்டாமல், கண்ணாடி மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறையை மாட்டியே பல்லை நகர்த்துவது. விவேக் நகர் கிளினிக்கில் அதற்கு நான்தான் தச்சன். வாயின் அச்சைப் பிளாஸ்டரில் வார்ப்பேன். அதிலுள்ள பல்லை அறுத்தெடுத்து, மெழுகில் நட்டு, நூலளவு நகர்த்துவேன். சூடான பிளாஸ்டிக் தகட்டை அதன்மேல் அழுத்தினால் ஓர் உறை ரெடி. பதினைந்து நாளுக்கு ஒன்று மாற்ற வேண்டும்.

மெழுகில் பல் எள் என்றால் எண்ணெயாக நிற்கும். ஒருநாள் முழு வாயையும் வரிசையாக்கி டாக்டரம்மாவிடம் காட்டினேன். மைசூர்க்காரர், தமிழிலும் கன்னட வாசனை வீசும். பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெழுகு உங்க பேச்சைக் கேக்குது ரீ தங்கராஜ். எலும்பு கேக்கணுமே?"

ஆனேக்கல் போஸ்ட்மேன்

ஸ்டெல்லாவுக்கு இருபத்தாறு வயது. முன்பல் வரிசை உதட்டுக்கு வெளியே நின்றது. கால்சென்டரில் வேலை, போனில் பல் தெரியாது என்பதற்காகவே அந்த வேலைக்குப் போனவள். குரல் மட்டும் தேன். அதனால் கோவிலில் ஞாயிறு பூசைக்கு பைபிள் வாசகம் வாசிக்கச் சொல்லிவிட்டார் ஃபாதர். இவள் தாளை மூக்குவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசிப்பாள். ஒருநாளாவது தாளை வாசக மேசைமேல் வைத்துவிட்டு, முகம் தெரிய வாசிக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

இடம் பண்ண நாலு பல்லை எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பல் எடுத்த இடம் உறையால் மட்டும் முழுசாக மூடும் என்று உறுதி சொல்ல முடியாது, கடைசியில் கம்பி தேவைப்படலாம் என்றும் எச்சரித்தார். கம்பி என்றதும் அவள் முகம் செத்துவிட்டது. நேராக என் பின்னறைக்கு வந்தாள்.

நான் சும்மா இருந்தேனா? ஆனேக்கல் போஸ்ட்மேன் கதையை எடுத்துவிட்டேன். அவர் பல் எவ்வளவு நீளம் என்றால், தபாலை அதில் செருகிக்கொண்டுதான் சைக்கிள் மிதிப்பார். என் உறையைப் போட்ட ஆறே மாதத்தில் பல் உள்ளே போய்விட்டது. பாவம், தபாலுக்குத் தனியாகப் பை வாங்க வேண்டியதாயிற்று! வாயைக் கையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஆகிவிட்டது. மெழுகில் இருப்பது இம்மி பிசகாமல் வாயிலும் வரும், நான் கேரண்டி என்றேன். கிளம்பும்போது சொன்னாள்: "டாக்டர் சொன்னதை விடுங்க. நீங்க சொன்னதை நம்பித்தான் அங்கிள் நாலு பல்லைக் குடுக்குறேன்."

சாய்ந்தான் கோரைப்பல்லன்

நாலு பல்லையும் எடுத்தாயிற்று. ஆறு உறை வரை வெற்றி. ஏழாவது, கோரைப்பல்லின் மேல் சரியாக உட்காரவில்லை. பல் நகர்ந்துதான் இருந்தது. நிமிர்ந்து நடந்து வராமல், பல் எடுத்த பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்து வந்திருந்தது. பின்னால் இருந்த கடைவாய்ப் பல்லும் தன் பங்குக்கு முன்னால் சாய்ந்திருந்தது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தால் ஆள் சாய்வானே தவிர, கால் நகருமா? உறை பிடிப்பது பல்லின் தலையை. வேர் நிற்பது எலும்பில்.

ஸ்டெல்லா ஒருநாள்கூட ஏமாற்றவில்லை. சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டுமே உறையைக் கழற்றுவாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தப்பு நான் எங்க பண்ணேன் அங்கிள்?"

என் கத்தி வேலை

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அப்போதுதான் பிளாஸ்டர்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தேன். புதிதாக எடுத்த அச்சில் கோரைப்பல் சாய்ந்திருந்தது. கத்தியால் ஒரு பக்கம் சுரண்டி, மறுபக்கம் மெழுகு பூசி, திட்டத்தில் இருந்தபடியே அதை நிமிர்த்தி வைத்தேன். டாக்டரம்மாவின் மேசையில் எல்லாம் அழகாக ஒத்துப்போயிற்று. அந்த அச்சில் அடித்த உறைதான் ஸ்டெல்லாவுக்குப் போனது.

மூன்றாம் நாள் ஈறு வீங்கி வந்தாள். உறை அவள் வாய்க்கு அல்ல, என் ஆசைக்கு அளவெடுத்தது. டாக்டரம்மா அச்சை அவள் வாயருகே பிடித்தார், திருப்பினார், நகத்தால் மெழுகைக் கீறினார். நான் ஒப்புக்கொண்டேன், அவள் முன்னாலேயே. போஸ்ட்மேனும் பொய் என்று சொல்லிவிட்டேன். டாக்டரம்மா அச்சை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நான் இந்தப் பொண்ணுக்கு வைத்தியம் பண்றேன். நீங்க பிளாஸ்டருக்குப் பண்றீங்களா ரீ?"

தாள்

வீக்கம் வடிந்ததும், வேரை நிமிர்த்தக் கம்பி கட்டினார்கள். எதற்குப் பயந்தாளோ அதுவே, இரும்பு மின்ன, மேலும் கீழும். கிளினிக்குக்கு வந்தால் பின்னறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். பொறுக்காமல் ஒரு ஞாயிறு கோவிலுக்குப் போய், கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்தேன். எப்போது எழுந்திருப்பது, எப்போது முட்டி போடுவது என்று ஒன்றும் தெரியாது. பக்கத்திலிருந்த பெரியவரைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

ஸ்டெல்லா மேடை ஏறினாள். தாளைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் வாசக மேசையைப் பிடித்துக்கொண்டு, கம்பி பளபளக்க, முகம் முழுக்கத் தெரிய வாசித்தாள். பல் இன்னும் முழுசாகச் சேரவில்லை. எனக்கு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது என்று சொல்லலாம், ஆனால் என் கையில் புத்தகமே இல்லை.

வெளியே வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள். தாள் எங்கேம்மா என்று கேட்டேன். சிரித்தாள், கை வாய்க்குப் போகவில்லை. "இவ்வளவு கம்பியை மறைக்க ஒரு தாள் எங்க அங்கிள் பத்தும்? அதான் கீழ வெச்சுட்டேன். போஸ்ட்மேன் சௌக்கியமா?"

ஆயுள் முழுக்கப் பல்லை நகர்த்தியவன் கண்டுபிடித்தது இவ்வளவுதான்: மெழுகில் பல்லும் என் வாயில் கதையும் நினைத்த இடத்துக்கு நேராகப் போகும், மனுஷர்கள் மட்டும் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் நிமிர்ந்து, நாம் கேரண்டி கொடுக்காத வழியில் வந்து சேருவார்கள்.